பதில் சொல்லாததால் அடுத்த ஆண்டுக்குப் போன சீசன் டிக்கெட் பணம்: திரும்பக் கேட்கலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் அமெரிக்காவின் மிட்வெஸ்ட்டில், பிக் டென் என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த பல்கலைக்கழகம் ஒன்று இருக்கும் ஊரில் குடியிருக்கிறோம். மகள் அங்கே படிக்கிறாள், மார்ச்சிங் பேண்டில் வாசிக்கிறாள். அவளைப் பார்க்கப் போய்த்தான் எங்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமானது. இந்த 2020 சீசனுக்கு நான்கு டிக்கெட்டைப் பிப்ரவரியிலேயே புதுப்பித்து, கிரெடிட் கார்டில் 3,400 டாலர் கட்டினோம். டிக்கெட் விலை 1,960, இருக்கைக்கான நன்கொடை 1,200, பார்க்கிங் 210, பிராசசிங் கட்டணம் 30.

கொரோனாவால் ஆகஸ்டில் ஆட்டங்களைத் தள்ளிவைத்தபோது டிக்கெட் ஆபீஸ் ஓர் ஈமெயில் அனுப்பியிருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெறலாம், 2021-க்கு மாற்றலாம், நன்கொடையாக விட்டுவிடலாம் என்று மூன்று வழி. ஆகஸ்ட் 31-க்குள் சொல்லாவிட்டால் பணம் தானாக 2021-க்குப் போய்விடும் என்றும் இருந்தது. அது ப்ரமோஷன் மெயில்களோடு போய்ச் சேர்ந்ததால் நான் பார்க்கவே இல்லை. இந்த மாதம் கணவருக்கு வேலை போய்விட்டது. போன் செய்து கேட்டால், "கெடு முடிந்துவிட்டது, நன்கொடை எப்போதுமே திரும்ப வராது, அதோடு சீசன்தான் மறுபடி நடக்கப்போகிறதே" என்கிறார்கள். ஆனால் பொதுமக்களை உள்ளே விடப்போவதில்லை.

வெளியூர் ஆட்டம் ஒன்றுக்கு மறுவிற்பனைத் தளத்தில் இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தேன். அவர்கள் பணத்துக்குப் பதில் கூப்பன் தருகிறார்கள். மகள் படிக்கும் இடத்தோடு பணத்துக்காக மல்லுக்கு நிற்பது தவறோ என்றும் மனது உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனது உறுத்துவதாகச் சொன்னீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறே இல்லை. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகள் இந்த ஆண்டு உண்மையாகவே நெருக்கடியில் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு ஜூலையில் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பிக் டென்னிலேயே அயோவா ஆகஸ்டில் 4 விளையாட்டுகளை நிறுத்துவதாகச் சொன்னது. நீச்சல் வீராங்கனைகளையும் ஜிம்னாஸ்டிக்ஸ் பையன்களையும் நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளத்தை, வேலை இழந்த குடும்பம் ஒன்று தனக்கே தெரியாமல் கொடுத்த பணத்தால் நிரப்ப வேண்டியதில்லை. மனமுவந்து கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். உங்கள் வீட்டுக்கு இந்த மாதம் 3,400 டாலர் என்பது வாடகையும் மளிகையும். அதைக் கேட்பதால் உங்கள் மகளின் படிப்புக்கோ பேண்டுக்கோ எதுவும் வராது. டிக்கெட் கணக்கு வேறு, மாணவர் கணக்கு வேறு.

அந்த 3,400 டாலரை ஒரே தொகையாகப் பார்க்காதீர்கள். அவர்களும் அப்படிப் பார்ப்பதில்லை. டிக்கெட் விலையும் பார்க்கிங்கும் விளையாட்டுத் துறைக்குப் போகும். நன்கொடை பல இடங்களில் பூஸ்டர் அமைப்பு என்ற தனி லாபநோக்கற்ற நிறுவனத்துக்குப் போகும். கிளெம்சனில் ஐப்டே, டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் ட்வெல்த் மேன் ஃபவுண்டேஷன் என்று இவற்றுக்குத் தனிப் பெயரும் பல பத்தாண்டு வரலாறும் உண்டு. உங்கள் ஊரில் எப்படி என்பதை கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். ஒரே நாளில் இரண்டு வெவ்வேறு பெயர்களில் பணம் பிடித்திருந்தால், நீங்கள் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

முதலில் டிக்கெட் விலையான 1,960. இதில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது.

"சீசன்தான் நடக்கிறதே" என்று அவர்கள் சொன்னதைக் காலண்டரை வைத்துப் பாருங்கள். ஜூலை 9 அன்றே பிக் டென், தன் அணிகள் தங்களுக்குள் மட்டும்தான் ஆடும் என்று அறிவித்துவிட்டது. வெளி அணிகளோடு இருந்த ஆட்டங்கள் அன்றைக்கே ரத்து. ஆகஸ்ட் 11 அன்று மொத்த சீசனும் தள்ளிவைக்கப்பட்டது. செப்டம்பர் 16 அன்று அந்த முடிவை மாற்றி, அக்டோபர் 23, 24 வார இறுதியில் தொடங்குவதாகச் சொன்னார்கள். அணிக்கு எட்டு ஆட்டம், டிசம்பர் 19 அன்று இன்னும் ஒன்று. பொதுமக்களுக்கு டிக்கெட் விற்பனை கிடையாது. ஆக, நீங்கள் பிப்ரவரியில் வாங்கிய சீசனும் அக்டோபரில் தொடங்கும் சீசனும் ஒன்றல்ல. உங்கள் டிக்கெட்டில் ஏழு உள்ளூர் ஆட்டங்கள் இருந்து, அதில் மூன்று வெளி அணிகளோடு என்று வைத்துக்கொண்டால், ஆட்டத்துக்கு 70 டாலர் வீதம் நான்கு பேருக்கு 840 டாலர். அந்த மூன்று ஆட்டங்கள் இனி எந்தத் தேதியிலும் நடக்கப்போவதில்லை. அதில் வாதத்துக்கே இடமில்லை. மற்ற ஆட்டங்கள் நடக்கும், ஆனால் நீங்கள் காசு கொடுத்தது மைதானத்துக்குள் போய் உட்காருவதற்கு. டிவியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதற்கு 70 டாலர் யாரும் கேட்பதில்லை.

டிக்கெட் என்பது சட்டப்படி என்ன என்று 1913-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு குதிரைப்பந்தய மைதான வழக்கில் சொல்லியிருக்கிறது. டிக்கெட் வைத்திருப்பதால் மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் உரிமை வராது. அது மைதானக்காரர் திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய அனுமதி, அதன் பின்னால் இருப்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் மீறப்பட்டால் பணத்துக்கு வழக்குப் போடலாம். அதனால் "எங்களை உள்ளே விடுங்கள்" என்று நீங்கள் கேட்க முடியாது. "விட முடியாது என்றால் பணத்தைக் கொடுங்கள்" என்று கேட்கலாம்.

கொள்ளைநோய் யாருடைய தவறும் இல்லையே என்று அவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். யார் தவறும் இல்லாமல் ஒப்பந்தம் பயனற்றுப் போனால் ஏற்கெனவே கட்டிய பணம் யாருக்கு என்பது சட்டத்தில் பழைய கேள்வி. 1902 ஜூனில் லண்டனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலம் நடக்க இருந்தது. ஊர்வலம் போகும் தெருவில் ஜன்னலோர அறைகளை மக்கள் பெரிய தொகைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அரசருக்குக் குடல்வால் நோய் வந்து ஊர்வலம் தள்ளிப்போனது. அறை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, பார்க்கத்தான் ஒன்றுமில்லை. 75 பவுனுக்குப் பேசி 25 மட்டும் கட்டியிருந்தவர் மீதியைக் கட்ட வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். ஆனால் அடுத்த வழக்கில், 100 பவுனை முன்னதாகவே கட்டிவிட்டவருக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. முன்கூட்டிக் கட்டிய நல்லவருக்கு நஷ்டம், இழுத்தடித்தவருக்கு லாபம் என்ற இந்த அநியாயத்தை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1942-ல்தான் திருத்தியது. அமெரிக்காவில் ஒப்பந்தச் சட்டத்தின் பொதுப்போக்கு நமக்குச் சாதகம்: யார் தவறும் இல்லாமல் ஒப்பந்தம் முடிந்துபோனால், கொடுத்ததற்கு ஈடாக எதுவும் பெறாதவருக்கு அதைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்திலேயே வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் கதை மாறும்.

அதனால்தான் பிப்ரவரியில் புதுப்பிக்கும்போது நீங்கள் டிக் செய்த விதிமுறைகள் முக்கியம். உங்கள் டிக்கெட் கணக்கில் உள்ளே போய் அதை எடுத்து, இன்றைய தேதியோடு சேமித்து வையுங்கள். இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, ரத்தாகி மறுபடி நடத்தப்படாத ஆட்டத்துக்கு என்ன செய்வார்கள் என்ற வரி. இரண்டாவது, பணமா கிரெடிட்டா என்பதைத் தங்கள் விருப்பப்படி முடிவு செய்யும் அதிகாரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்பது. இரண்டாவது இருந்தால் உங்கள் நிலை கொஞ்சம் பலவீனம். அப்போதும் நான் விட்டுவிடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர்களே ஆகஸ்டில் பணம் தர முன்வந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த ஆகஸ்ட் 31 கெடு. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஒருவர் ஒரு யோசனையை அனுப்பிவிட்டு, "நீ பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்" என்று எழுதினால், அந்த மௌனம் சம்மதம் ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதி அது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விளம்பர மெயில்களுக்கு நடுவே விழுந்த ஒரு கடிதத்தை நீங்கள் பார்க்கத் தவறியது அதில் சேராது. உங்கள் பணம் 2021-க்குப் போனது உங்கள் முடிவால் அல்ல. அதோடு, அந்தக் கெடு வைக்கப்பட்டபோது பிக் டென் இலையுதிர்காலத்தில் ஆடப்போவதில்லை என்ற நிலை இருந்தது. செப்டம்பர் 16 அன்று அந்த நிலையே மாறிவிட்டது. அவர்கள் தங்கள் முடிவை மாற்றிக்கொள்ளலாம், உங்கள் முடிவு மட்டும் ஆகஸ்ட் 31-ல் உறைந்துவிட வேண்டும் என்றால் எப்படி? இதை அப்படியே கடிதத்தில் எழுதுங்கள். நான் பார்த்தவரை டிக்கெட் ஆபீஸில் போனை எடுப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது. எழுத்தில் வந்தால் மேலே போகும்.

பார்க்கிங் 210 டாலருக்கும் இதே நியாயம்தான். பிராசசிங் கட்டணம் 30 வருமா என்று எனக்குச் சந்தேகம். கேளுங்கள், ஆனால் அதற்காகப் பேச்சை முறிக்க வேண்டாம்.

நன்கொடை 1,200 டாலர்தான் சிக்கலானது. அது திரும்ப வராது என்று விதிமுறையில் அநேகமாக எழுதியே இருப்பார்கள். ஆனால் அது நன்கொடைதானா என்று கேட்க நமக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. 2017 வரை, கல்லூரி விளையாட்டு டிக்கெட் வாங்கும் உரிமைக்காகக் கொடுக்கும் இப்படிப்பட்ட தொகையில் 80 சதவீதத்தை வரிக்கழிவாகக் காட்டலாம். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அதை முழுவதும் நீக்கிவிட்டது. 2018 முதல் இருக்கைக்காகக் கொடுக்கும் பணத்துக்கு ஒரு டாலர்கூடக் கழிவு கிடையாது. அதாவது, இது ஒரு பொருளுக்கான விலை என்றே வரிச் சட்டம் இதை நடத்துகிறது. நீங்களும் அது கொடுக்காமல் அந்த இருக்கைகளை வாங்கியிருக்க முடியாது. வரி கட்டும்போது விலை, திரும்பக் கேட்கும்போது மட்டும் நன்கொடையா? இந்த வாதம் நிச்சயமாக வெல்லும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், "திரும்ப வராது" என்ற விதிமுறையை ஒப்புக்கொண்டது எதிர்ப்பக்கம் நிற்கும். ஆனால் பேச்சுவார்த்தையில் இது கனமான வாதம். முழுத் தொகை வராவிட்டாலும், 2021 இருக்கைக்கான நன்கொடையாக அதை வரவு வைக்கச் சொல்லுங்கள். டிக்கெட் பணம் கையில் வந்து, நன்கொடை அடுத்த ஆண்டுக்குப் போனால், இன்றைய நிலையில் அது மோசமான முடிவில்லை.

வரி பற்றிப் பேசுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "டிக்கெட் விலையையும் நன்கொடையாக மாற்றிவிடுங்கள், வரிச் சலுகை கிடைக்கும்" என்று யாராவது சொல்லலாம். பதிலுக்கு எதுவும் பெறாமல் உண்மையாகவே விட்டுக்கொடுத்தால் கழிவு கிடைக்கக்கூடும். 250 டாலரோ அதற்கு மேலோ என்றால், ஈடாக எதுவும் தரவில்லை என்று குறிப்பிடும் கடிதம் அவர்களிடமிருந்து வேண்டும். ஆனால் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும்போது 2020-க்கான ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமலே கிடைக்கும் கழிவு) 24,800 டாலர். வீட்டுக்கடன் வட்டி முதலியவற்றைத் தனித்தனியாகக் காட்டாத குடும்பத்துக்கு, கொரோனா நிவாரணமாக வந்த கேர்ஸ் சட்டம் 2020-க்குத் தந்த 300 டாலர் கழிவு மட்டும்தான் பயன்படும். கழிவு என்பது வருமானத்திலிருந்து கழிப்பது, வரியிலிருந்து அல்ல. 300 டாலர் கழிவால் உங்களுக்கு மிஞ்சுவது சில பத்து டாலர்கள். அதற்காக 1,960-ஐ விட்டுவிடாதீர்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்றால், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கணக்கு எண், கட்டிய தேதி, நான்கு தொகைகளும் தனித்தனியாக. வெளி அணிகளோடு இருந்த ஆட்டங்கள் ரத்து, மற்றவற்றுக்கு அனுமதி இல்லை என்ற இரண்டு வரி. 2021-க்கு மாற்ற நான் ஒருபோதும் சம்மதிக்கவில்லை, அதைத் திரும்பப் பெற்று அசல் கார்டுக்கே பணத்தை அனுப்புங்கள் என்ற கோரிக்கை. வேலை போன விஷயத்தையும் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கெடுவைத் தளர்த்த அந்த அலுவலருக்கு ஒரு காரணம் தேவைப்படும், அதை நீங்களே கொடுங்கள். பதினான்கு நாளில் பதில் கேளுங்கள். டிக்கெட் ஆபீஸ், பூஸ்டர் அமைப்பு இரண்டுக்கும் ஈமெயிலிலும், ரசீதோடு தபாலிலும் அனுப்புங்கள். "இந்த ஆண்டு விலகுவதால் என் இருக்கையும் முன்னுரிமைப் புள்ளிகளும் (பிரையாரிட்டி பாயின்ட்) பாதிக்கப்படாது என்பதை உறுதிப்படுத்துங்கள்" என்றும் சேருங்கள். பல பல்கலைக்கழகங்கள் இந்த ஆண்டு பணம் திரும்ப வாங்கினாலும் 2021-ல் அதே இருக்கை உண்டு என்று தாங்களாகவே அறிவித்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகம் மறுத்தால், இருக்கையா பணமா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், வருமானம் நின்ற வீட்டில் பணம்தான் முதலில்.

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த படி கிரெடிட் கார்டு நிறுவனம். 1974-ம் ஆண்டு ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டப்படி, ஒப்புக்கொண்டபடி கிடைக்காத சேவைக்கான கட்டணத்தை எழுத்தில் மறுக்கலாம், ஆனால் அந்தத் தொகை ஸ்டேட்மென்ட்டில் வந்த 60 நாளுக்குள். பிப்ரவரிக் கணக்கு என்பதால் அந்த வழி உங்களுக்கு அடைபட்டிருக்கலாம். நல்ல வேளையாக விசா, மாஸ்டர்கார்டின் சொந்த விதிகள் இன்னும் தாராளம். வருங்காலச் சேவைக்கு முன்பணம் கட்டியிருந்தால், பொதுவாக அந்தச் சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள் தருகின்றன. உங்கள் முதல் ஆட்டம் செப்டம்பர் தொடக்கத்தில் இருந்திருக்கும். எனவே டிசம்பர் வரை காத்திருக்காமல் அக்டோபருக்குள் வங்கியை அழைத்து உங்கள் கெடு எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விலைக்கும் பார்க்கிங்குக்கும் மட்டும் சார்ஜ்பேக் (கார்டு நிறுவனம் வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது) கேளுங்கள், நன்கொடையை அதில் கலக்காதீர்கள். கலந்தால் மொத்தமும் நிராகரிக்கப்படலாம். சார்ஜ்பேக் போட்டவரின் கணக்கைச் சில டிக்கெட் ஆபீஸ்கள் மூடிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். அதனால்தான் கடிதத்தை முதலில் அனுப்பச் சொல்கிறேன்.

நீதிமன்றம் போவது கடைசி வழி, அதில் ஒரு தடையும் உண்டு. 2020-ல் பிக் டென்னில் இருந்த 14 பல்கலைக்கழகங்களில் நார்த்வெஸ்டர்ன் மட்டும்தான் தனியார். மற்றவை எல்லாம் மாநில அரசோடு தொடர்புள்ள பொதுப் பல்கலைக்கழகங்கள், அரசுமீது வழக்குப் போடுவதற்கென்று தனி விதிகளும் சில மாநிலங்களில் தனி நீதிமன்றங்களும் இருக்கின்றன. மற்றவர்கள்மீது போடுவதுபோல சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் போய் நிற்க முடியாமல் போகலாம். அதற்கு முன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே செய்யலாம். அங்கிருந்து ஒரு விசாரணைக் கடிதம் போனாலே பல கெடுக்கள் நீள்வதை நான் பார்த்திருக்கிறேன். பூஸ்டர் அமைப்பு தனி நிறுவனமாக இருந்தால் அதன்மீது ஸ்மால் கிளெய்ம்ஸ் வழக்குக்கு இடம் இருக்கலாம். அந்தக் கட்டத்துக்கு வந்தால் உங்கள் மாநில வழக்கறிஞர் ஒருவரிடம் விதிமுறைகளைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள், நான் அவற்றைப் பார்க்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மறுவிற்பனைத் தளத்தில் வாங்கிய இரண்டு டிக்கெட்டுக்கு நிலைமை வேறு. அங்கே நீங்கள் அரசோடு அல்ல, ஒரு வணிக நிறுவனத்தோடு பேசுகிறீர்கள். நீங்கள் வாங்கிய நாளில் அவர்கள் தளத்தில் என்ன வாக்குறுதி இருந்ததோ அதுதான் கணக்கு. 2020 மார்ச்சில் ஸ்டப்ஹப் என்ற மறுவிற்பனைத் தளம், ரத்தான நிகழ்ச்சிகளுக்கு முழுப் பணம் என்ற பழைய வழக்கத்தை மாற்றி, 120 சதவீத மதிப்புள்ள கூப்பன் என்று அறிவித்தது. அதற்கு முன் வாங்கியவர்களுக்கும் கூப்பன்தானா என்று 2020-ல் அவர்கள்மீது வழக்குப் போடப்பட்டது. நீங்கள் வாங்கியது எந்தத் தளமாக இருந்தாலும், உறுதிப்படுத்தல் மெயிலில் பணம் திரும்பத் தரப்படும் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கூப்பனை ஏற்றுக்கொள்ளும் எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள், அதில் உள்ள ஒரு டாலரைக்கூடப் பயன்படுத்தாதீர்கள், பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அந்த ஆட்டம் ரத்தாகி மறுபடி நடத்தப்படாது என்ற அறிவிப்பின் நகலையும், அந்த மெயிலையும் சேர்த்து கார்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஆட்டம் ரத்தாகாமல், வேறு தேதியில் ரசிகர்கள் இல்லாமல் நடக்கிறது என்றால், "தள்ளிவைக்கப்பட்டது" என்று சொல்லி அந்தத் தளம் மறுக்கப் பார்க்கும். அப்போது, அந்த ஆட்டத்தை நடத்தும் பல்கலைக்கழகம் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்த பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள்.